கருப்பட்டி வேறு, கொய்யா வேறு: இயற்கை உணவின் சர்க்கரைக் கணக்கு

காரைக்குடிப் பக்கம் பலகாரக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “சீனி சேக்கலைங்க, எல்லாம் கருப்பட்டிதான். சுகர் உள்ளவங்களும் தாராளமாச் சாப்பிடலாம்.” வாங்குகிறவர் நிம்மதியாகிக் கூட அரைக் கிலோ போடச் சொல்கிறார். அவர் வீட்டிலேயே பெரியவர் ஒரு கொய்யாப்பழத்தை எடுக்கப் போனால், “ஐயாவுக்குச் சுகர் இருக்கு, பழத்தைக் குடுக்காதீங்க” என்று தட்டிப் பறிக்கிறார்கள்.

இரண்டு முடிவுமே தவறு. எண்ணிச் சாப்பிட வேண்டியதை எண்ணாமல் சாப்பிடுகிறோம். அளவோடு கொடுத்திருக்கக்கூடிய பழத்தைத் தடுக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். இவ்வளவு பேர் வீட்டுச் சாப்பாட்டில் தினமும் நடக்கும் தவறு என்பதால்தான் இதை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் சீனி என்றால் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனி. சர்க்கரை என்றால் பழத்திலும் பாலிலும் வெல்லத்திலும் தேனிலும் இருக்கும் இனிப்புப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர்.

ரத்தமும் கண்மாயும்

சிவகங்கைச் சீமையில் கண்மாயைத் தெரியாதவர்கள் கிடையாது. மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியே உள்ளே வருகிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சம் கலுங்கு வழியே வெளியேறுகிறது. இந்த அமைப்பை அப்படியே ரத்தத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

நாம் சாப்பிட்டது குடலில் செரித்து, குளுக்கோஸ் என்ற எளிய சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அது வரத்து. தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவை அதை எடுத்துக்கொள்ளும் வயல்கள். மடையைத் திறந்துவிடுவது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சுரக்கும் ஹார்மோன் அது. ரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் போகத் தொடங்குகிறது. அது கலுங்கு.

இந்தக் கண்மாய் எவ்வளவு பெரியது? பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்தால், மொத்த ரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை! உடல் முழுக்க ஓடும் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பது இவ்வளவே என்று அறியும்போது பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் எல்லா விளக்கமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. கொள்ளளவு இவ்வளவு சிறியது என்பதால், வரத்து எவ்வளவு, எத்தனை வேகத்தில் வருகிறது என்ற இரண்டும் முக்கியமாகின்றன.

உடல் நன்றாக இருக்கும்போது நாலு தேக்கரண்டி வந்தாலும் மடை சட்டென்று திறந்து சமாளித்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் மடை இறுகிப்போகிறது. இன்சுலின் இருந்தும் அது சொல்வதைத் திசுக்கள் சரியாகக் கேட்பதில்லை. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து, வருடங்கள் போகப் போகத் தளர்ந்துபோகிறது.

இதுவரை பார்த்தது: ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மிகக் கொஞ்சம். உடல் கவனிப்பது வரத்தின் அளவையும் வேகத்தையும். அந்தச் சர்க்கரை ஆலையிலிருந்து வந்ததா, பனைமரத்திலிருந்து வந்ததா என்று பார்க்கக் குடலில் எந்த ஏற்பாடும் இல்லை.

கருப்பட்டிக்குள் என்ன இருக்கிறது

அடிப்படையான எளிய சர்க்கரைகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று மேலே பார்த்த குளுக்கோஸ். மற்றது ஃப்ரக்டோஸ், பழத்திலும் தேனிலும் நிறைய இருப்பது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் சுக்ரோஸ். வெள்ளைச் சீனி என்பது ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் எடையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சர்க்கரைதான். அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். மீதி ஈரப்பதமும் தாதுக்களும் நிறத்தையும் மணத்தையும் தரும் பொருள்களும். பதநீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சுக்ரோஸ் இருக்கிறது. அதைக் காய்ச்சி நீரை வற்றவைத்தால் கிடைப்பது கருப்பட்டி. குடலில் உள்ள நொதி சுக்ரோஸை நொடியில் இரண்டாக வெட்டிவிடும். அதற்குப் பிறகு கருப்பட்டிப் பணியாரத்திலிருந்து வந்த குளுக்கோஸுக்கும் சீனிப் பாகிலிருந்து வந்த குளுக்கோஸுக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

“கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, சீனியில் அதுவும் கிடையாது. ஆனால் அளவைப் பாருங்கள். இந்தியப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது 2020-ல் வெளியான பரிந்துரை. 10 கிராம் கருப்பட்டியில் கிடைப்பது ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும், பல நேரம் அதற்கும் குறைவு. இரும்புச்சத்துக்காகக் கருப்பட்டி சாப்பிட்டால், இரும்பு சேரும் முன்பே சர்க்கரை எல்லை மீறியிருக்கும். கீரை, பயறு வகைகள், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் என்று அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. கருப்பட்டியை அதன் மணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். அந்த மணம் வேறெதற்கும் கிடையாது. கொஞ்சம் போட்டாலே தெரியும் என்பதால் அளவைக் குறைக்கவும் அது உதவும்.

தேனின் கதையும் இதுதான். தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். தேன் கெட்டியானது என்பதால் ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம் எடை இருக்கும். அதில் ஐந்தரை கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சீனியோ 4 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேனில்தான் சர்க்கரை அதிகம்.

பேரீச்சம்பழம் ஒன்றில், நடுத்தர அளவு என்றால், 5 கிராமை ஒட்டிச் சர்க்கரை. “சீனி சேர்க்காத லட்டு” என்று பேரீச்சம்பழத்தை அரைத்து உருட்டினால், ஓர் உருண்டைக்குள் எத்தனை பழம் போனது என்று எண்ணிப் பார்ப்பதுதான் முறை.

இனிக்காத சர்க்கரை: வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும்

நாக்கு சொல்வதை மட்டும் நம்பினால் இன்னொரு பெரிய வரத்துக்கால் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அரிசி, இட்லி, இடியாப்பம், பணியாரம், கிழங்கு இவற்றில் இருப்பது மாவுச்சத்து. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சரம் அது. வாயில் இனிக்காது. ஆனால் உமிழ்நீரும் குடல் நீரும் அந்தச் சரத்தை வெட்டி, கடைசியில் குளுக்கோஸாகவே ரத்தத்தில் சேர்க்கின்றன.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றி எடுப்பது; ஒரு துளி இனிப்பு கிடையாது; மிளகாய்ச் சட்னி தொட்டுச் சாப்பிடுவது. “ஆச்சி, இதுல இனிப்பே இல்ல, இன்னும் ரெண்டு எடுத்துக்கங்க” என்று வைப்பார்கள். பச்சரிசி முழுக்க மாவுச்சத்து. எண்ணெய் இருப்பதால் வயிறு மெதுவாகக் காலியாகும், வரத்து கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் நின்றுபோகாது; கலோரியும் கூடுகிறது. நான்கு வெள்ளைப் பணியாரத்தை இனிப்பில்லை என்பதற்காகக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.

கவுனி அரிசியைப் பற்றி இப்போது பரவும் பேச்சு இன்னும் கவலை தருகிறது. நகரத்தார் பர்மாவுடன் வணிகம் செய்த காலத்தில் இங்கே வந்து வேரூன்றியது என்று சொல்லப்படும் கறுப்பு அரிசி அது. அதன் தவிட்டில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது, தவிடு நீக்காததால் நார்ச்சத்தும் இருக்கிறது, இவை நல்லவைதான். ஆனால் பலகாரத்துக்கு நாம் தேடிப் பிடிப்பது ஒட்டும் வகை. ஒட்டும் அரிசியின் மாவுச்சத்து கிளை கிளையாகப் பிரிந்த வடிவில் இருப்பதால் நொதிகளுக்கு வெட்டுவது எளிது. அதைக் குழைய வேகவைத்து, சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிளறுகிறோம். கல்யாண வீட்டுக் கவுனி அரிசியை ரசித்துச் சாப்பிடுங்கள். மருந்து என்று நினைத்துக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட வேண்டாம்.

ஆடிக்கும்மாயம் பற்றியும் கேட்பார்கள். உளுந்து இருப்பதால் அதில் புரதம் உண்டு, வெறும் பாகு சாப்பிடுவதைவிட மேல். ஆனாலும் மாவுக்குச் சமமாகவோ கூடவோ கருப்பட்டி போட்டுத்தானே கிளறுகிறோம்?

கொய்யா ஏன் வேறு

இப்போது தட்டிப் பறிக்கப்பட்ட கொய்யாவுக்கு வருவோம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 9 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதே 100 கிராமில் 5 கிராம் நார்ச்சத்தும் 80 கிராமுக்கு மேல் தண்ணீரும் இருக்கின்றன. நார்ச்சத்து என்பது நம் குடல் நொதிகளால் வெட்ட முடியாத தாவரப் பகுதி. பழத்தில் உள்ள சர்க்கரை தாவர உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அணுச்சுவர் நார்ச்சத்தால் ஆனது. மென்று, செரித்து, அந்தச் சுவர் உடைந்த பிறகுதான் சர்க்கரை வெளியே வரும். நார்ச்சத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்து கூழ் போலாகி, சர்க்கரை குடல் சுவரை அடைவதையும் தாமதமாக்குகிறது. கண்மாய்க் கணக்கில் சொன்னால் வரத்துக்காலில் புல்லும் புதரும் மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் வருகிறது, ஆனால் பொறுமையாக வருகிறது. மடை திறக்க நேரம் கிடைக்கிறது.

பழத்துக்கு இன்னொரு தடுப்பும் உண்டு. கொய்யா இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். 20 கிராம் கருப்பட்டி ஒரு டம்ளர் காபியில் கரைந்து போனது தெரியவே தெரியாது.

ஃப்ரக்டோஸைப் பற்றிச் சிலர் பயமுறுத்துகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில்தான் கையாளப்படுகிறது. ஒரே நேரத்தில் மிக அதிகமாக வந்தால் கல்லீரல் அதில் ஒரு பங்கைக் கொழுப்பாக மாற்றிவிடும். குளிர்பானமும் பாகும் இனிப்பும் தினமும் வயிற்றில் போகும்போது அந்த ஆபத்து உண்டு. முழுப் பழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஃப்ரக்டோஸை உடல் எளிதாகச் சமாளிக்கிறது.

எல்லாப் பழமும் கொய்யா அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100 கிராமுக்குப் பார்த்தால் தர்பூசணியில் சுமார் 6 கிராம் சர்க்கரை, பப்பாளியில் 8, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15 அல்லது 16, பலாச்சுளையில் 19 வரை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பலாப்பழம் வரும் பருவத்தில் சுளைகளை எண்ணாமல் சாப்பிடுவது நம் வழக்கம். சுகர் உள்ளவர் இரண்டு மூன்று சுளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்தில் கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து குழைந்த பழத்தைவிட, இப்போதுதான் மஞ்சளான, கொஞ்சம் கெட்டியான பழம் மெதுவாகச் செரிக்கும்.

பழத்தைச் சாறாக்கினால் கதை மாறிவிடுகிறது. ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழம் வேண்டும். அணுச்சுவர் உடைந்துவிட்டது, சக்கை வடிகட்டியில் நின்றுவிட்டது, மீதி 20 கிராமுக்கு மேல் சர்க்கரையைத் தண்ணீரோடு ஒரு நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். சீனியே சேர்க்காவிட்டாலும் இதுதான் நிலை. இளநீரில் 100 மில்லிலிட்டருக்கு 3 முதல் 5 கிராம்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் ஓர் இளநீர் குடித்தால் பெரும்பாலானவர்களுக்குப் பாதகமில்லை. கரும்புச்சாறு அப்படியல்ல, ஒரு டம்ளரிலேயே 25 கிராமைத் தாண்டும்.

சுருக்கமாக: முழுப் பழத்தில் சர்க்கரை குறைவு, வரத்தும் மெதுவு. சாறு, பாகு, தேன், வெல்லம் எல்லாவற்றிலும் சர்க்கரை விடுபட்டு நிற்கிறது, வரத்து வேகம்.

வேகத்துக்கு ஓர் எண், சுமைக்கு ஓர் எண்

ஓர் உணவு ரத்தத்தில் குளுக்கோஸை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் குறிக்கும் எண் கிளைசிமிக் குறியீடு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் இதை அறிமுகப்படுத்தினார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் பாதிக் குழப்பம். தர்பூசணியின் குறியீடு 70-க்கு மேல். வெள்ளை அரிசிச் சோற்றின் குறியீடும் 70-க்கு அருகிலோ மேலோதான். இரண்டும் ஒன்றா? 100 கிராம் தர்பூசணியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து ஏழரை கிராம்தான் இருக்கிறது, மீதி தண்ணீர். அளவையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் கிளைசிமிக் சுமை என்ற இன்னோர் எண் இருக்கிறது. குறியீட்டை அந்த உணவில் உள்ள மாவுச்சத்து, சர்க்கரையின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுமை வரும். 10 வரை குறைவு, 20-ம் அதற்கு மேலும் அதிகம். 100 கிராம் தர்பூசணியின் சுமை சுமார் 5. 200 கிராம் சோற்றில் 56 கிராம் மாவுச்சத்து. அதன் சுமை 39 அல்லது 40.

அந்த 200 கிராம் சோறு பலருக்கு முதல் பரிமாறல்தான். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு வாங்கிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் தர்பூசணித் துண்டைக் கண்டு அஞ்சுவது எப்படிச் சரியாகும்?

ஒரு நாளைக்கு எவ்வளவு

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் கட்டற்ற சர்க்கரை என்று ஒரு வகையைப் பிரித்துக் காட்டுகிறது. நாமோ கடைக்காரரோ ஆலையோ உணவில் சேர்க்கும் சர்க்கரை எல்லாம் இதில் அடங்கும். தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் தானாகவே உள்ள சர்க்கரையும் இதில்தான். முழுப் பழம், காய்கறி, பால் இவற்றில் இருப்பது இதில் சேராது.

கட்டற்ற சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்பது அந்த வழிகாட்டியின் முடிவு. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 விழுக்காடு என்றால் 50 கிராம், 5 விழுக்காடு என்றால் 25 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அதே நிறுவனம் 2000 கலோரித் தட்டில் 100 கிராம் பழம் சேர்க்கவும் சொல்கிறது. பழத்தைத் தடுக்கிறவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுப் பலகாரத்தில் எத்தனை கிராம் என்று எப்படித் தெரியும்? வகுத்தல் தெரிந்தால் போதும். 250 கிராம் வெல்லம் போட்டு 25 கந்தரப்பம் சுட்டால் ஒன்றுக்கு 10 கிராம் வெல்லம். பால் பணியாரத்துக்கு ஊற்றிய இனிப்புப் பாலில் எத்தனை கரண்டிச் சீனி போட்டோம், எத்தனை கிண்ணம் வந்தது என்று பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். சமையற்கட்டில் ஒரு சின்னத் தராசு இருந்தால் இந்தக் கணக்கு இரண்டு நிமிட வேலை.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். காலையிலும் மாலையிலும் 10 கிராம் கருப்பட்டி போட்ட காபி ஒவ்வொரு டம்ளர். இடைப்பலகாரமாக இரண்டு கந்தரப்பம். இரவு பாலில் ஒரு தேக்கரண்டித் தேன். கருப்பட்டியும் வெல்லமும் சேர்த்து 40 கிராம். அதில் சுமார் 35 கிராம் சர்க்கரை. தேனில் ஆறு கிராமை ஒட்டி. மொத்தம் 40 கிராமைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் சீனி டப்பாவே கிடையாது, எல்லாம் இயற்கை, ஆனாலும் 25 கிராம் எல்லையை எப்போதோ கடந்தாகிவிட்டது. இதே ஆள் காபியில் கருப்பட்டியைப் பாதியாக்கி, தேனை விட்டுவிட்டு, ஒரு கந்தரப்பத்தோடு நிறுத்தியிருந்தால் 20 கிராமுக்குள் முடிந்திருக்கும். ஒரு கொய்யாவுக்கும் வயிற்றில் இடம் இருந்திருக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த 25 கிராமைத் தங்களுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பொதுமக்களுக்கான மேல் எல்லை. அவர்கள் சோறு, இட்லி, பழம், பால் எல்லாவற்றின் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பாதயாத்திரைப் பானகம்

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடந்து போகிறார்கள். வழியெங்கும் பானகம் கொடுப்பார்கள்: வெல்லம் கரைத்த தண்ணீரில் எலுமிச்சை, சுக்கு, ஏலம். போய்ச் சேர்ந்ததும் பஞ்சாமிர்தம்: மலை வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய். எல்லாமே இயற்கை, நெய்யைத் தவிர எல்லாமே சர்க்கரை.

இருந்தும் நடக்கிறவருக்குப் பானகம் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. கண்மாய்க்கு இரண்டாவது மடை ஒன்று இருக்கிறது, நடந்தால் அது திறக்கிறது என்று சொல்லலாம். வேகமான வரத்தும் வேகமான செலவும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. அதே பானகத்தை வீட்டு முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் இரண்டாவது மடை மூடியே கிடக்கும். நம் பெரியவர்கள் பலகாரம் சாப்பிட்டும் நன்றாக இருந்தார்கள் என்கிறோமே, அவர்கள் எவ்வளவு நடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலகாரமும் அப்போது நோன்புக்கும் கல்யாணத்துக்கும்தான் சுட்டார்கள். இன்று பாக்கெட்டில் தினமும் கிடைக்கிறது.

சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே ரத்தக் குளுக்கோஸ் ஏறும் உயரம் குறைகிறது. இதற்குச் செலவில்லை, மருந்தில்லை.

இலையில் எதை முதலில்

இலை போட்டதும் ஓரத்தில் இனிப்பு வைப்பது நம் மரபு. பசியோடு இருக்கிறவர் கை முதலில் அதற்குத்தான் போகும். வெறும் வயிற்றில் இனிப்பு என்றால் வரத்துக்குத் தடையே கிடையாது. இனிப்பு இலையிலேயே இருக்கட்டும். முதலில் பொரியல், கூட்டு, கீரை மசியல், வெண்டைக்காய் மண்டி, மீனோ கோழியோ சாப்பிடுகிறவர்கள் அதையும் பாதி வரை சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்குப் போங்கள். இனிப்பைக் கடைசியில் எடுங்கள். காயும் புரதமும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகி, அதே சாப்பாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செட்டிநாட்டு விருந்தில் காய்க்குப் பஞ்சமே இல்லை. வரிசையை மாற்றினால் போதும்.

பழத்தைச் சாப்பாட்டுக்கு மேலே ஏற்றாமல், இடைப்பலகார நேரத்தில் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிடுவது நல்லது. கூடவே ஒரு பிடி நிலக்கடலையோ சுண்டலோ இருந்தால் இன்னும் மெதுவாகும். பழைய சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: சோறு ஆறி இரவு முழுக்க இருக்கும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகி, எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அந்த நன்மை உண்டு, ஆனால் சிறியது. அதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் போய்விடும்.

சுகர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு

முதலாவது, தாழ்சர்க்கரை. இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ரத்தக் குளுக்கோஸ் 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வரும். அந்த நேரத்தில் மேலே சொன்ன எல்லாம் தலைகீழாகிவிடும். வேகம்தான் வேண்டும். 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும்: குளுக்கோஸ் பொடியோ, மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீரோ, அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழச்சாறோ. கொய்யாவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மயங்கிய நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, சொந்தச் சோதனை. ஒரே வாழைப்பழம் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடுவதற்கு முன் ஒரு முறையும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். பெரும்பாலான நீரிழிவு நோயாளிகளுக்கு அந்த இரண்டாவது எண் 180-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு எல்லை இன்னும் குறைவு. ஒரு நாள் ஒரு கொய்யா, இன்னொரு நாள் அதே நேரத்தில் ஒரு கந்தரப்பம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, உணவு, அளவு, முன் எண், பின் எண் நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். எந்தப் பழம் எவ்வளவு, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் உங்கள் எண்களைப் பார்த்தே சொல்ல முடியும். அதற்கு முன்பு மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.